மண் வீட்டின் அருமையை எங்களுக்குச் சொல்லித்தராதீர்கள்

போன ஏப்ரலில் தரமணியில் ஒரு கருத்தரங்கத்துக்குப் போயிருந்தேன். நகரத்தில் வெப்பம் கூடிக்கொண்டே போகிறது, மின்சாரத்தை அதிகம் தின்னாத வீடுகளை எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சு. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஏசியின் குளிர் தாங்காமல் முன்வரிசையில் இரண்டு பேர், வரவேற்பில் போட்ட பொன்னாடையையே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பேச வந்த கட்டடக்கலை நிபுணர் படம் படமாகக் காட்டினார். மண் சுவர், கீற்றுக் கூரை, சாணம் மெழுகிய தரை, திண்ணை. "நம் முன்னோர் இயற்கையோடு இசைந்து வாழ்ந்தார்கள். கான்கிரீட் மோகம்தான் நம்மைக் கெடுத்துவிட்டது" என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நான் அந்த "நம்" என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருடைய முன்னோர்? யாருக்குத் திண்ணை? யார் அந்தத் திண்ணைக்கு எத்தனை அடி தள்ளி நின்றார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இந்த ராஜீவ் காந்தி சாலை நெடுக எழுந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பலவற்றுக்குச் சித்தாளாக ஜல்லி சுமந்தவர் அவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "மண்ணு வூட்லயே பொறந்தவடா நான். மழ வந்தா எங்க அம்மா செவுத்தப் புடிச்சினு நிக்கும், நாங்க ஆளுக்கொரு பாத்திரத்த ஒழுகற எடத்துல வெப்போம். அந்த ஆள ஐப்பசி மாசத்துல வந்து ஒரு நாள் தங்கச் சொல்லு."

இந்தக் கட்டுரை மண்ணுக்கு எதிரானது அல்ல. லாரி பேக்கர் கேரளத்தில் காட்டிய வழியை நான் மதிக்கிறேன். ஆரோவில்லில் மண்ணை அழுத்திச் செய்யும் கற்களால் கட்டிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல கட்டடங்கள். என் சண்டை வேறு. வெயில் வீட்டுக்குள் வருவதை வெறும் பொருள் பிரச்சினையாக, செங்கல்லா மண்ணா என்ற ரசனைப் பிரச்சினையாகப் பேசுகிறீர்களே, அதோடுதான். எங்கள் தெருவில் ஒரு வீடு ஏன் கொதிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், கேள்வி சிமெண்டில் போய் முடியாது. பட்டாவில் போய் முடியும்.

குடிசை யாருடைய தேர்வு?

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் தெரிந்த அறிக்கை அது. அதில் விவசாய நிலம் மட்டும் பேசப்படவில்லை, குடியிருக்கும் மனையும் பேசப்படுகிறது. சேரி இருக்கும் இடமே தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கூடக் கேட்டால், சொன்ன வேலைக்கு வர மறுத்தால், மனையைக் காலி செய் என்று மிரட்டினார்கள். தரமணி உள்ளிட்ட இந்தத் தென்சென்னைப் பகுதி அன்று அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான் இருந்தது.

நாளைக்கே துரத்தப்படலாம் என்று தெரிந்தவன் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவானா? சுண்ணாம்பு அரைத்துத் தளம் போடுவானா? போட்டாலும் விடுவார்களா? மண்ணும் கீற்றும் எங்கள் "பாரம்பரிய அறிவு" அல்ல. எங்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை. அதே ஊரில் மிராசுதாரின் வீட்டுக்குத் தேக்கும் ஓடும் முற்றமும் இருந்தன. முற்றத்தில் காற்று வந்தது. அந்த முற்றத்துக்கு மண் சுமந்தவள் முற்றத்துக்குள் கால் வைக்க முடியாது. காற்று அடிக்கும் திசையைக்கூடப் பார்த்து, ஊருக்குக் கீழ்க்காற்றில் சேரியை வைத்த சமூகம் காற்றோட்டத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கிறது.

கீற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகும் குளிர்ச்சிக்காகக் கீற்றைப் பரிந்துரைப்பவர், அந்தக் கூரைக்கு வெளியே யார் தீப்பந்தத்தோடு நிற்கிறார்கள் என்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கான்கிரீட் மோகம் என்கிறீர்கள். மோகம் இல்லை ஐயா, பயம். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் கான்கிரீட் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை என்பது வேறு கதை. பெங்களூரில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகள்மீது அத்தனை ஆத்திரம் ஏன் வந்தது என்று யோசித்தால், எங்களுக்கு வீடு என்பது வெறும் வெப்பநிலைக் கணக்கு இல்லை என்பது புரியும்.

வாடகைக்கு விடுங்கள் பார்ப்போம்

"கடன் வாங்கிச் சொந்த வீடு எதற்கு? நல்ல காற்றோட்டமான வீடாகப் பார்த்து வாடகைக்குப் போகலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்லவர்தான். மயிலாப்பூரில் இருக்கிறார். அவர் வீட்டுப் பக்கத்திலேயே "சைவம் மட்டும்" என்று பலகை தொங்குகிறது, அவர் கண்ணில் அது பட்டதே இல்லை. நான் அடையாறு, வேளச்சேரி, திருவான்மியூர் என்று வீடு தேடியபோது ஊர் எது, குலதெய்வம் எது, அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒருவரும் சாதி கேட்கவில்லை. எல்லோரும் சாதியைத்தான் கேட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து துரத்தினார்கள். அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். 1930-களில் மும்பை தாதரில் தன் நூலகத்துக்காக ராஜகிருகத்தைக் கட்டினார். எங்களில் ஒருவர் சொந்தமாக வீடு கட்டுவதற்குப் பின்னால் எப்போதும் ஒரு பரோடா இருக்கிறது.

கால் கிரவுண்டில் காற்றுத் தேடுதல்

நாங்கள் கட்டினோம். அதைச் சொல்கிறேன், இதே தெருவில் அடுத்துக் கட்டப்போகிறவர்களுக்கு உதவும்.

மனை 600 சதுர அடி. அகலம் 15, நீளம் 40. மேற்குப் பார்த்த மனை. இரண்டு பக்கமும் ஒட்டி வீடுகள், பின்னாலும் வீடு. சந்து எட்டு அடி. புத்தகங்களில் இருக்கிற எல்லா அறிவுரையும் இந்த அளவில் வந்து முட்டி நிற்கும். "வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுங்கள், தெற்கிலும் வடக்கிலும் ஜன்னல் வையுங்கள்." எங்கே வைப்பது? தெற்கு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சித்தியின் சுவர்.

முதலில் சுவர். பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். கால் பங்கு செங்கல் வரை மிச்சம், வெப்பமும் குறைவு. ஆனால் சுவர் ஒன்பது அங்குலம். நாலரை அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஒன்பது அங்குலம் போகிறது. 40 அடி நீளத்துக்கு 30 சதுர அடி. இது எங்களுக்கு ஒரு குளியலறை. வெப்பத்தடுப்பா குளியலறையா என்று கேட்டால் வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் என்ன பதில் வரும்?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எங்கள் பக்கச் சுவர்களில் வெயிலே படுவதில்லை. ஒட்டி நிற்கிற வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல். நெருக்கடி என்று எல்லோரும் பழிக்கிற சேரியின் அமைப்பே பக்கச் சுவர்களைக் காக்கிறது. வெயில் வருவது இரண்டு வழியில்: மேற்கு முகப்பு, மேல் தளம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நாள் முழுக்க வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் இரவு பத்து மணிவரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். எனவே இருக்கிற காசைச் சுவரில் போடாதே, தளத்தில் போடு. எங்கள் மேஸ்திரி மாமா இதைச் சொல்லச் சொல்ல, அந்தக் கருத்தரங்கத்துக்கு இவரையல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மேற்கு முகப்பில் மாடிப்படியையும் கழிவறையையும் வைத்தோம். சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கும் அறை பின்னால். பின்மூலையில் நான்குக்கு ஐந்து அடி வானம் பார்த்த திறப்பு விட்டோம். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், சந்திலிருந்து காற்று உள்ளே வரும். அந்த 20 சதுர அடிக்கு வீட்டில் ஒரு வாரம் சண்டை. "காசு குடுத்து ஓட்டை வுடுவியாடா?" என்று அம்மா. இன்றைக்கு அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் அவர் பாய்.

தளத்தில்தான் உண்மையான சிக்கல். வசதி உள்ளவர்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வெதரிங் கோர்ஸ் போட்டு, தட்டோடு பதிப்பார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அது இருக்காது. அறியாமை இல்லை. எல்லாத் தளத்திலும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும், தம்பிக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஓர் அறை எழுப்ப. நாளைக்கு உடைக்கப்போகிற வெதரிங் கோர்சுக்கு இன்றைக்கு யார் காசு கொட்டுவார்கள்? "மேலே வரும்" என்று காத்திருந்தே பத்து வருடம் மொட்டைக் கான்கிரீட்டின் கீழ் வேகிறார்கள். ஒரே வீச்சில் கட்டி முடிக்கிறவர்களுக்கு எழுதிய புத்தகங்களில் இதற்கு விடை இல்லை. நாங்கள் கண்ட விடை: ஒவ்வொரு மாசியிலும் தளத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. மழையில் கரைந்து போகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மேல்மாடி வந்தால் நட்டமில்லை.

புதிய தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது, கூப்பிடு தூரத்தில். உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை கலந்து செய்த பலகைகளைக் கொண்டு, சென்னை ஐஐடி வளாகத்தில் 2013-ல் ஒரு மாதிரிக் கட்டடத்தை ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள். விலை குறைவு, வேலை வேகம். ஆனால் பலகையின் நீளம் 12 மீட்டர், உயரம் 3 மீட்டர். அளவுக்கு வெட்டித் தந்தாலும் தூக்கி நிறுத்தக் கிரேன் வேண்டும். எட்டு அடிச் சந்துக்குள் ரெடிமிக்ஸ் லாரியே வராது, கிரேன் வருமா? கட்டடப் பொறியியல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்று தரமணியில் இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டு அடிச் சந்தையும், தலையில் சுமக்கிற சித்தாளையும் அளவாக வைத்து ஆராய்ச்சி செய்யுங்கள் என்கிறேன். நாட்டின் வீடுகளில் பெரும்பகுதி அப்படித்தான் கட்டப்படுகிறது.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

குடியிருப்புகளின் மின்சாரச் சிக்கனத்துக்காக ஒன்றிய அரசு 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. நல்ல விதிகள். சென்னை போல வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கும் வரம்பு வைக்கிறது. சரி, இது யாருக்கு? மனை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் என்று தொடங்குகிறது. 5,380 சதுர அடி. எங்கள் மனையைப் போல ஒன்பது மனையை ஒன்றாகச் சேர்த்தால்தான் சட்டத்தின் கண்ணில் படுவோம். ஏசி வைத்துக்கொள்ள முடிந்தவனுக்குக் காற்றோட்ட விதி இருக்கிறது. ஒற்றை ஃபேனில் வாழ்கிறவனுக்கு இல்லை.

2011-ல் தமிழக அரசு கிராமங்களுக்குச் சூரிய மின்சக்திப் பசுமை வீடு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளியில் எரியும் ஐந்து சிஎஃப்எல் விளக்குகள். பசுமை என்றால் ஐந்து பல்பு! தளத்தின் சூட்டைப் பற்றிப் பேச்சில்லை. அந்த வீட்டைக் கேட்கவும் பட்டா வேண்டும்.

2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்தக் கூரை இருக்க வேண்டும். கூரையில் மூன்று குடும்பத்துக்குப் பங்கு இருந்தால் யார் பெயரில் கேட்பது? அதோடு, தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்குகிற வீட்டுக்குச் சோலார் போட்டு மிச்சம் ஒன்றுமில்லை. மாதம் பல ஆயிரம் மின்கட்டணம் கட்டுகிறவருக்குத்தான் லாபம், மானியமும் அவருக்குத்தான்.

எங்களுக்கு உதவுவது என்ன தெரியுமா? ஃபேன். 75 வாட் பழைய ஃபேன் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 90 யூனிட். ஒரே ஃபேன் இலவச மின்சாரம் மொத்தத்தையும் விழுங்கிவிடும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். அதே நேரத்துக்கு 36 யூனிட். விலைதான் இரண்டு மடங்குக்கு மேல். கூரையில்லாதவர்க்கும் வாடகைக்காரர்க்கும் பயன்படக்கூடியது இந்த ஃபேன்தான். அதற்கு மானியம் கேட்டு ஏன் எந்தக் கருத்தரங்கமும் தீர்மானம் போடுவதில்லை?

கட்டட அனுமதிக்கு வருகிறேன். 2,500 சதுர அடிக்குள் மனை உள்ளவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறேன். எங்கள் நிலம் நத்தம், தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகவில்லை. பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பதினொரு கையெழுத்து. இரண்டு வருடம் அலைந்தும் முடியவில்லை. வங்கி ஒன்றில் காகிதத்தைப் புரட்டிவிட்டு, இடம் எங்கே என்று கேட்டு, தெருப் பெயரைச் சொன்னதும் மூடி வைத்தார்கள். 9 சதவீதத்துக்குக் கிடைக்கிற வீட்டுக்கடன் எங்களுக்கு இல்லை. குழுக் கடன், அம்மாவின் இரண்டு வளையல், கந்துவட்டி. வட்டி கூடக் கூட வீட்டில் முதலில் வெட்டப்படுவது எது? சன்ஷேடு. அகலமான ஜன்னல். வெதரிங் கோர்ஸ். வெப்பத்தைத் தடுக்கிற ஒவ்வொன்றும். எங்கள் வீடு கொதிப்பது இந்த வழியில்தான்.

வெயிலையே கணக்குப் பார்க்காதீர்கள்

அரசு எங்களுக்கு நவீன வீடே கட்டித் தருகிறதே என்பார்கள். பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகளைக் கலங்கரை விளக்கத் திட்டம் என்ற பெயரில் கட்டி 2022 மே மாதம் பிரதமரே திறந்து வைத்தார். தொழில்நுட்பத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குவித்த பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு வீட்டுவேலைக்கு வருகிற அக்கா, விடியற்காலையில் கிளம்பி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பயணம் செய்கிறாள். திரும்பவும் அவ்வளவு. அந்த டீசலும் அவள் உடம்பின் சக்தியும் எந்த எரிசக்திக் கணக்கில் வருகிறது? வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் வீடு இந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. ஏழைக்குக் கட்டினால் அது போதும் என்கிற மனம் இருக்கிறவரை, எந்தத் தொழில்நுட்பமும் குளிர்ச்சி தராது.

எனவே கேட்கிறேன். நத்தம் கூட்டுப் பட்டாக்களை வார்டு வார்டாக முகாம் போட்டு உட்பிரிவு செய்து கொடுங்கள், பெண்கள் பெயரையும் சேர்த்து. 500 சதுர மீட்டருக்குக் கீழே உள்ள வீடுகளுக்கும் ஒரு விதித்தொகுப்பு எழுதுங்கள். தண்டனைக்காக இல்லை, உதவிக்காக: கால் கிரவுண்டுக்கு மாதிரி வரைபடங்கள், தளத்துக்கு வெள்ளைப்பூச்சு, ஃபேனுக்கு மானியம். மேஸ்திரிகளுக்கும் சித்தாள்களுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களின் கதவைத் திறந்து பயிற்சி கொடுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கட்டடத்துக்கு ஜல்லி சுமந்த பெண்ணுக்குத் தளம் எப்போது சூடாகும், எப்போது ஆறும் என்பது கால் பாதத்தில் தெரியும்.

அதுவரைக்கும் திண்ணைப் படத்தைக் காட்டி "நம் முன்னோர்" என்று தொடங்காதீர்கள். உங்கள் முன்னோர் எங்கள் முன்னோரை முற்றத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். எங்கள் முன்னோர் அந்த முற்றத்தைக் கட்டினார்கள். காற்று எப்படி வரும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

இந்த மாசியிலும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிய அம்மாவை நான் தடுத்தேன். "ஊரு தளத்துக்கெல்லாம் ஏத்துனேன், என் தளத்துக்கு ஏத்தமாட்டனா?" என்றார்.

ஜெய்பீம்.